மண்ணைத் தேடி இறங்கும் பச்சோந்தி

பச்சோந்தி மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்ந்து முடியும் உயிர் என்ற பொதுவான எண்ணம், ஆணுக்கு ஓரளவு பொருந்தினாலும், பெண்ணுக்குச் சிறிதும் பொருந்துவதில்லை. கிளையைக் கவ்வுவதற்கென்றே அமைந்த விரல்கள், ஐந்தாவது கையைப் போலச் சுற்றிப் பிடிக்கும் வால், ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே சுழலும் கண்கள், உடலின் நீளத்தையும் விஞ்சிப் பாயும் நாக்கு என அதன் உறுப்புகள் அனைத்தும் மரவாழ்வுக்கு இசைந்திருக்க, முட்டையிடும் நாள் நெருங்கியதும் பெண் பச்சோந்தி அந்தப் பாதுகாப்பை முழுவதும் துறந்து தரைக்கு இறங்குகிறது. கோழி முட்டைக்கு இருப்பதைப் போன்ற கடினமான ஓடு பச்சோந்தியின் முட்டைக்கு இல்லை. மெல்லிய தோல் போன்ற உறையே உண்டு. அந்த உறையின் வழியாகச் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே கரு வளர்வதால், திறந்த காற்றில் கிடக்கும் முட்டை சில நாட்களிலேயே சுருங்கிக் கெட்டுவிடும். எனவே பச்சோந்தியின் முட்டைக்கு மண் வேண்டும்; அந்த மண் தோண்டத்தக்கதாகவும் ஈரமுள்ளதாகவும் இருக்க வேண்டும். கண்ணாடிக் கூண்டில் வளர்க்கப்படும் பச்சோந்தியாயினும், தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்துக் கொல்லைவேலியில் தன்போக்கில் திரியும் பச்சோந்தியாயினும், அது பிழைத்து முட்டையிடுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரே தேவை நிறைவேறுவதைப் பொறுத்தே அமைகிறது.

பச்சை, ஓந்தி என்ற இரு சொற்களும் சேர்ந்து பச்சோந்தி ஆயிற்று. ஓந்தி என்பதன் இன்னொரு வடிவமான ஓதி சங்க நூல்களிலேயே காணப்படும் பழஞ்சொல். அள்ளூர் நன்முல்லையார் பாடிய குறுந்தொகை 140ஆம் பாடலில், வழிச்செல்வோருக்கு நிமித்தம் காட்டும் உயிராக ஓதி வருகிறது. முதுகில் பற்கள் வரிசையாக நிற்பதாக அங்கே காட்டப்படுவதால், அதனைத் தோட்டத்து ஓணான் என்று கொள்வதே பொருத்தம். எனினும் பாலைநிலத்து வழியில் தென்படும் ஓர் உயிரை அவ்வளவு நுணுக்கமாகக் கண்ட பார்வை தமிழுக்குப் பழக்கமானது என்பதற்கு அப்பாடல் சான்றாகும். அறிவியல் உலகில் இந்தியப் பச்சோந்திக்கு 1768இல் லாரென்டி என்பவர் ‘கமீலியோ சைலானிகஸ்’ எனப் பெயரிட்டார். இலங்கையைக் குறிக்கும் சொல்லே அப்பெயரின் பிற்பகுதியில் உள்ளது. இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தியினம் இது ஒன்றுதான். இலங்கையிலும் பாகிஸ்தானிலும் இதே இனம் காணப்படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறுவதும், செம்மண் பரப்பும் முட்புதரும் புளியமரமும் மாந்தோப்பும் வறண்ட இலையுதிர் காடும் கலந்து கிடப்பதுமான தருமபுரி மாவட்டம் இந்த உயிருக்கு மிகவும் ஏற்ற நிலம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்ட உயிர்; அதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் விற்பதும் குற்றமாகும். ஆகவே ‘வளர்ப்புப் பச்சோந்தி’ என்று உலகம் பேசுவது பெரும்பாலும் வேறு இரண்டு இனங்களைப் பற்றியதாகும். ஒன்று, ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியிலும் வாழ்வதும், தலைமேல் கூரிய கொண்டை உடையதும், வணிகர்களால் ‘வெய்ல்டு கமீலியன்’ எனப்படுவதுமான ஏமன் பச்சோந்தி. மற்றொன்று, மடகாஸ்கரில் வாழும் ‘பாந்தர் கமீலியன்’. இவ்விரண்டும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022இல் திருத்தப்பட்ட காட்டுயிர்ச் சட்டமும், அதன்வழி 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளும், இத்தகைய உயிர்களை வைத்திருப்போர் அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும், அவை குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. பாங்காக்கிலிருந்து பைகளில் மறைத்துக் கொண்டுவரப்படும் அயல்நாட்டு ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்க, அவ்வழியே வந்த உயிரை வாங்குவது, எத்துணை அன்போடு வளர்க்கப்பட்டாலும், அந்தக் கொடுமைக்குத் துணைபோவதேயாகும்.

பெண் பச்சோந்தியை வளர்ப்போர் பலர் அறியாத செய்தி, அது ஆணுடன் சேராமலேயே முட்டையிடும் என்பதாகும். ஏமன் பச்சோந்திப் பெண் ஏறத்தாழ ஆறு மாதத்திலேயே பருவமடைந்து, கூண்டில் தனியாக இருந்தாலும், கோழி சேவலின்றி முட்டையிடுவதைப் போலவே, கருவுறாத முட்டைகளை உடலில் வளர்க்கத் தொடங்குகிறது. ‘இதற்கு இணை இல்லையே, முட்டை எங்கிருந்து வரும்’ என்று எண்ணி மண்தொட்டி வைக்காமல் விடப்பட்ட கூண்டுகளில்தான் துன்பம் மிகுதியாக நேர்கிறது. ஆண் ஏமன் பச்சோந்திக்குப் பொரித்த நாளிலேயே பின்னங்காலின் குதிகால் பகுதியில் சிறு முள் போன்ற புடைப்பு இருக்கும். பெண்ணுக்கு அது இராது. இந்த ஓர் அடையாளத்தைத் தொடக்கத்திலேயே பார்த்துவைத்தால், எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பது முன்கூட்டியே தெளிவாகிவிடும்.

சினையுற்ற பெண்ணின் உடல் தன் நிலையைத் தானே அறிவிக்கிறது. வயிறு இருபுறமும் புடைத்து, புளியங்கொட்டை நிரப்பிய சுருக்குப்பையைப் போல மேடுபள்ளமாகத் தோன்றும். மிகுதியாக உண்டதால் பருத்த வயிற்றில் இந்தக் கட்டிகள் தெரிவதில்லை. நிறமும் மாறும். ஏமன் பச்சோந்திப் பெண் கரும்பச்சைத் தோலின்மேல் மஞ்சளும் நீலமுமான புள்ளிகளைக் காட்டத் தொடங்குகிறது. நெருங்கிவரும் ஆணுக்கு அது ‘வராதே’ என்னும் மறுப்பாகும். சூழலோடு ஒன்றி மறைந்துகொள்ளவே பச்சோந்தி நிறம் மாறுகிறது என்ற கருத்து பரவலாக இருந்தாலும், நிறமாற்றத்தின் பெரும்பகுதி மற்றொரு பச்சோந்தியுடன் பேசுவதற்கும் உடல்வெப்பத்தைச் சீர்செய்வதற்குமே பயன்படுகிறது. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மடகாஸ்கர்ப் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து, தோலின் உயிரணுக்களில் உள்ள மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் எதிரொளிக்கும் ஒளியின் நிறம் மாறுகிறது என்று காட்டினர். (கொள்கை மாறும் அரசியலாளரைப் பச்சோந்தி என்று இகழ்வது தமிழில் நிலைத்துவிட்ட வழக்கு, தன் உடல்நிலையை ஒளிக்காமல் நிறத்தால் வெளிப்படையாகச் சொல்லும் ஓர் உயிருக்கு இது நேர்மாறான பழியாகும்.)

முட்டையிடும் நாள் நெருங்குகையில் அது உணவைக் குறைக்கிறது, அல்லது முற்றிலும் மறுக்கிறது. நீரை மட்டும் விரும்பிக் குடிக்கிறது. வழக்கமாக உச்சிக்கிளையில் இருப்பது கூண்டின் அடித்தளத்தில் ஓயாமல் நடந்து, மூலைகளைக் கீறிப் பார்க்கிறது. இந்த அலைச்சலை நோய் என்று எண்ணி அதனைத் தூக்கி மீண்டும் கிளையில் வைப்பவர்கள், அது செய்ய முனையும் ஒரே வேலையைத் தடுத்துவிடுகிறார்கள்.

பச்சோந்தி மண் தோண்டுவது வியப்புக்குரிய உழைப்பு. அதன் ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல்கள் இரு கட்டுகளாக இணைந்துள்ளன. முன்காலில் உட்புறம் மூன்றும் வெளிப்புறம் இரண்டும், பின்காலில் உட்புறம் இரண்டும் வெளிப்புறம் மூன்றுமாக அமைந்து, கொல்லன் பட்டறைக் குறடு போலக் கிளையைக் கவ்வுகின்றன. உடும்புக்கோ எலிக்கோ அமைந்த தோண்டும் கால் இதற்கு இல்லை. ஆயினும் இந்தக் குறட்டுக் கால்களாலேயே சிறிது சிறிதாக மண்ணை வாரிப் பின்னே தள்ளி, தன் உடல் முழுவதும் மறையும் அளவுக்குச் சரிவான சுரங்கம் ஒன்றை அது அமைக்கிறது. இதற்குச் சில மணிநேரம் போதுமானதாக இருக்கலாம். இரண்டு மூன்று நாட்களும் ஆகலாம். மண் இடிந்து விழுந்தால் விட்டுவிட்டு வேறிடத்தில் தொடங்கும். கல் தடுத்தாலும் அவ்வாறே செய்யும். அடியை எட்டியதும் திரும்பிக்கொண்டு முட்டைகளை இட்டு, பிறகு அதே மண்ணை இழுத்து மூடி, காலால் தட்டி அழுத்தி, எவரும் தோண்டியதே தெரியாதபடி தரையைச் சமன்செய்துவிட்டுத்தான் அது வெளியேறுகிறது. உடலின் எடையில் பெரும்பங்கை முட்டைகளாகச் சுமந்துகொண்டு, பல நாள் உண்ணாமல், தனக்குப் பழக்கமில்லாத தரையில் நின்று இவ்வளவையும் செய்யும் உயிருக்கு உதவுவது என்பது, அதன் உழைப்பு வீணாகாத மண்ணைக் கொடுப்பதேயாகும்.

அந்த மண் எப்படி இருக்க வேண்டும் என்பதே இப்பொருளின் மையம். கூண்டில் வைக்கப்படும் தொட்டி குறைந்தது ஓரடி ஆழமும் ஏறத்தாழ அதே அகலமும் உடையதாக, பக்கங்களின் வழியே ஒளி புகாததாக இருக்க வேண்டும். நான்கு விரற்கடை மண் பரப்பிய தட்டில் எந்தப் பச்சோந்தியும் மனம் ஒப்பி முட்டையிடுவதில்லை. கழுவிய மெல்லிய ஆற்று மணலோடு உரமோ பூச்சிமருந்தோ கலவாத தோட்டத்து மண்ணைச் சேர்த்து நிரப்பலாம். கட்டடத்துக்கு விற்கும் எம்-சாண்ட் கூரிய முனைகளை உடையதாதலால் அதைத் தவிர்ப்பது நன்று. தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பினால் சுரங்கம் நிற்காமல் சரிந்துவிடும். ஈரத்தின் அளவை அறியத் தமிழ்நாட்டுச் சமையலறைக்கு நன்கு தெரிந்த ஓர் அளவுகோலே போதுமானது. அது புட்டு மாவின் பதம். கையில் எடுத்து அழுத்தினால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. மானாவாரி உழவர் மழைக்குப் பின் கொல்லையில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்து உழவுக்குப் பதம் வந்துவிட்டதா என்று தேர்வதும் இதே சோதனைதான். பச்சோந்தி தேர்வதும் ஏறத்தாழ அந்தப் பதத்தையே. மண்ணை நிரப்பிய பின் கைவிரலால் சரிவாக ஒரு துளையிட்டுப் பார்த்து, அது இடியாமல் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நடுவே ஒரு சிறு செடியை நட்டுவைத்தால், வேரோரம் தோண்ட விரும்பும் அதன் இயல்புக்கு அது துணையாகும். தொட்டியை முட்டையிடும் அன்று தேடி ஓடாமல், பெண் பருவமடைந்த நாள் முதலே கூண்டில் நிலையாக வைத்திருப்பதே சிறந்தது.

தனிமையும் மண்ணுக்கு அடுத்தபடி இன்றியமையாதது. தோண்டும்போது மனிதர் பார்ப்பதை உணர்ந்தால் அது வேலையை நிறுத்திவிடும். பலமுறை இவ்வாறு நின்றால் முட்டைகளை உடலிலேயே தேக்கிக்கொள்ளும். ஆகவே கூண்டின் முன்புறத்தைத் துணியால் மறைத்து, சிறு துளை வழியாக ஒரு நாளில் ஓரிரு முறை மட்டும் கவனித்து, வீட்டுப் பிள்ளைகளின் ஆர்வத்தையும் கைபேசிப் படப்பிடிப்பையும் சில நாட்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும். இரவில் விளக்கு அணைந்த பின்னும் அது சுரங்கத்துக்குள்ளேயே இருந்தால் அங்கேயே விட்டுவிடுவதுதான் சரி. கருவுற்ற பெண் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெறும் வழக்கமுள்ள சமுதாயத்திற்கு, இந்த நாட்களில் ஓர் உயிருக்கு அமைதி வேண்டும் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இவை கிடைக்காதபோது நேர்வதே முட்டை அடைப்பு. அதாவது உடலில் முதிர்ந்த முட்டைகள் வெளியேறாமல் தங்கிவிடும் நிலை. ஏற்ற மண் இல்லாமை இதற்கு முதன்மையான காரணமாயினும், சுண்ணாம்புச் சத்துக் குறைவு, நீரிழப்பு, உடல்பருமன், வெப்பக்குறைவு, இடுப்பெலும்பின் கோணல், உருச்சிதைந்த முட்டை ஆகியவையும் காரணமாகலாம். சுண்ணாம்புச் சத்து முட்டையின் உறைக்கு மட்டுமே தேவை என்று பலர் கருதுகின்றனர்; உண்மையில் முட்டையை வெளித்தள்ளும் தசை சுருங்குவதற்கும் அதுவே வேண்டும். சத்துக் குறைந்த உடல், தொடக்கத்தில் தன் எலும்பையே கரைத்து முட்டைக்குக் கொடுத்து, பிறகு தள்ளும் வலிமையையும் இழந்துவிடுகிறது. வெட்டுக்கிளி, சில்வண்டு முதலிய இரைப்பூச்சிகளில் இச்சத்து இயல்பாகவே குறைவாதலால், அவற்றின்மேல் கால்சியம் பொடியைத் தூவிக் கொடுப்பதும், அந்தச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவும் புறஊதா ஒளிவிளக்கை அமைப்பதும் வளர்ப்போரின் கடமை. கண்ணாடி சன்னல் வழியே விழும் வெயில் இதற்குப் பயன்படாது. தேவையான புறஊதாக் கதிரை அக்கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

பகலிலேயே கண்களை மூடிக்கொள்ளுதல், கண்கள் குழிவிழுதல், கிளையைப் பிடிக்க இயலாமல் தளர்தல், தரையில் சோர்ந்து கிடத்தல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பல நாள் குழி தோண்டியும் முட்டையிடாமை ஆகிய குறிகள் தோன்றினால், மருத்துவரிடம் கொண்டுசெல்ல ஒரு நாளும் தாழ்த்தக்கூடாது. கோழிக்கு முட்டை அடைத்தால் எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடும் கைப்பழக்கம் சில வீடுகளில் உண்டு. பச்சோந்திக்கு அதைச் செய்வது கொலைக்கு ஒப்பாகும். ஏனெனில் அதன் வயிற்றுக்குள் இருப்பவை பல டஜன் மெல்லுறை முட்டைகள், அவற்றுள் ஒன்று உடைந்து மஞ்சள்கரு வயிற்றறைக்குள் கசிந்தாலும் கொடிய அழற்சி உண்டாகும். மருத்துவர் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் மூலம், முட்டைகள் உறை பெற்று வழியில் நிற்கின்றனவா, அல்லது கருப்பையை அடையாமல் கருமுட்டைகளாகவே தேங்கிவிட்டனவா என்பதை முதலில் தெளிந்து, நீரும் கால்சியமும் செலுத்தி, வழியில் அடைப்பு இல்லையென்று உறுதியான பின்னரே ஆக்சிடோசின் என்னும் தசைச்சுருக்க ஊசியைக் கருதுவார். ஆமைகளுக்கு நன்கு பயன்படும் இந்த ஊசி பல்லியினத்துக்கு அவ்வளவு உறுதியாகப் பயன்படுவதில்லை. அந்நிலையில் அறுவை செய்து முட்டைகளையும் கருப்பைகளையும் அகற்றுவதே எஞ்சும் வழி. தருமபுரிப் பகுதியினருக்கு அருகில் உள்ள பழைய கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கல்லூரியே. ஆனால் ஊர்வனவற்றைக் கையாண்டு பழகிய மருத்துவர் யார், எங்கே இருக்கிறார் என்பதை முட்டையிடும் காலத்துக்கு முன்பே விசாரித்து வைத்திருப்பவர்களுக்கே அந்த அருகாமை உதவும்.

முட்டையிட்டு முடித்த பெண் மெலிந்து, வயிறு ஒட்டி, மண் அப்பிய உடலோடு வெளியே வரும். அதற்கு உடனே தேவைப்படுவது நீர். இலைகளின்மேல் மென்மையாக நீர் தெளித்து அது நக்கிக் குடிக்கச் செய்து, அடுத்த நாட்களில் சத்துள்ள இரையைத் தாராளமாகக் கொடுத்தால் மெல்ல மெல்லத் தேறும். ஏமன் பச்சோந்தி ஒரே ஈட்டில் 20 முதல் 70 வரை முட்டைகளிட்டு, ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இதைச் செய்யக்கூடியதாதலால், ஆணைவிடப் பெண்ணின் ஆயுள் குறைந்துவிடுகிறது. பருவமடைந்த பின் உணவின் அளவையும் வெயில்விளக்கின் வெப்பத்தையும் அளவோடு குறைத்துவைத்தால் முட்டைகளின் எண்ணிக்கையும் குறைகிறது என்பது வளர்ப்போரின் அனுபவத்தில் உறுதிப்பட்ட செய்தி. பாசத்தால் ஊட்டி ஊட்டிக் கொழுக்கச் செய்வதைவிட, அளவறிந்து கொடுப்பதே அதன் நீண்ட வாழ்வுக்கு உதவும்.

கூண்டைவிட்டுத் தருமபுரியின் நிலத்துக்கு வந்தால், அங்கே மண்தொட்டி வைக்க வேண்டிய தேவை இல்லை; மாவட்டமே செம்மண்தான். ஆனால் செம்மண் கோடையில் காய்ந்து இறுகிவிட்டால் மண்வெட்டிக்கே எளிதில் இடம் கொடாது; மழை விழுந்து மண் நெகிழ்ந்த பிறகே மெலிந்த குறட்டுக் கால்களுக்கு அது வசப்படும். இந்தியப் பச்சோந்தி ஏறத்தாழ 10 முதல் 30 வரை முட்டைகளை இடுகிறது. வேலியோரமும் வரப்போரமும் மரத்தடியும் அது நாடும் இடங்கள். வேலிகளை அழித்துக் கல்கம்பம் நட்டுக் கம்பி கட்டுவதும், முற்றம் முழுவதும் சிமெண்டு பூசுவதும், தோப்புக்குள் களைக்கொல்லி தெளித்துத் தரையை வெறுமையாக்குவதும் பெருகப் பெருக, மரம் அப்படியே நிற்க, மரத்தடியில் இருந்த பிள்ளைப்பேற்று இடம் மட்டும் மறைந்துவிடுகிறது. இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதாலேயே அதனைப் பற்றி எவரும் வருந்துவதும் இல்லை.

தரைக்கு இறங்கிய பச்சோந்தியின் நடை, காற்றிலாடும் இலையைப் போல முன்னும் பின்னும் அசைந்து அசைந்து வைக்கப்படும் மெதுவான நடை. கிளையில் அதன் உயிரைக் காக்கும் அந்த அசைவே சாலையில் அதன் உயிரை வாங்குகிறது. தொப்பூர்க் கணவாயின் நெடுஞ்சாலையிலோ, அரூர்ப் பக்கத்துக் காட்டுச்சாலைகளிலோ, ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதையிலோ, சினைவயிற்றோடு ஒரு பச்சோந்தி சாலையைக் கடந்து முடிப்பதற்குள் பல வண்டிகள் சென்றுவிடும். நாயும் பூனையும் கோழியும் செம்போத்தும் வல்லூறும் ஒருபுறமிருக்க, மனிதரின் அச்சமும் அதற்குப் பகையாகிறது. பச்சோந்தி நஞ்சுள்ளது என்றும், கடித்தால் பிழைப்பது அரிது என்றும் நம்புவோர் இன்றும் உள்ளனர். அது சீறி வாயைத் திறந்து உடலை உப்பிக் காட்டுவது அந்த நம்பிக்கையை வளர்க்கிறது. அதற்கு நஞ்சு இல்லை. இராமனுக்கு அணில் உதவியது என்றும் ஓணான் தீங்கு செய்தது என்றும் வழங்கும் நாட்டார் கதையைச் சொல்லிக்கொண்டு சிறுவர்கள் ஓணானைக் கல்லாலடிக்கும் வழக்கத்தில், அதன் உறவான பச்சோந்தியும் சேர்ந்து அடிபடுகிறது. சினையோடு இறங்கிய பெண் ஓடித் தப்ப முடியாது. அதன்மேல் விழும் கல் முப்பது உயிர்களின்மேல் விழுகிறது.

சாலையில் அத்தகைய பச்சோந்தியைக் காண்பவர் அதனை வாலைப் பிடித்துத் தூக்கவோ, கிளையைக் கவ்விய கால்களைப் பிய்த்து இழுக்கவோ கூடாது. ஒரு குச்சியை அதன் முன்கால்களுக்கு எதிரே நீட்டினால் அது தானே ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்திலேயே சாலையைவிட்டுச் சற்றுத் தள்ளிப் புதரடியில் இறக்கிவிட வேண்டும். நல்லெண்ணத்தோடு உயரமான மரக்கிளையில் ஏற்றிவிடுவோர், அது அவ்வளவு பாடுபட்டு இறங்கிய தொலைவை மீண்டும் இறங்கும்படி செய்துவிடுகின்றனர். வீட்டுக்கொல்லையில் அது தோண்டுவதைக் கண்டால், நாயைக் கட்டிவைத்து, கோழிகளை அடைத்து, அன்று மாலைவரை அப்பக்கம் நடமாடாதிருப்பதே முழுமையான உதவி. அடிபட்டதாக இருந்தால் மட்டும், காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு கிளையோடு நிழலில் வைத்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்டத்தில் தருமபுரி, அரூர் என இரு வனக்கோட்டங்கள் உள்ளன. காட்டுயிர் ஒன்று கைக்கு வந்தால் 48 மணிநேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வரையறுத்திருந்தாலும், வயிறு புடைத்த பச்சோந்தியின் உடல் அத்தனை நேரம் காத்திருக்கும் என்று கொள்ள முடியாது. எடுத்துச்செல்ல ஆள் வரத் தாமதமாகும் என்றால், ஒரு பிளாஸ்டிக் வாளியில் புட்டுப் பதத்து மண்ணை நிரப்பி அருகில் வைப்பது, அந்த இடைவேளையில் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரமாக அமையும்.

முட்டை மண்ணுக்குள் இருக்கும் காலம் நீண்டது. கூண்டு வளர்ப்பில் ஏமன் பச்சோந்தியின் முட்டைகள் ஏறத்தாழ 27 பாகை செல்சியசில் ஆறு முதல் ஒன்பது மாதங்கள்வரை எடுத்துக்கொள்கின்றன. மடகாஸ்கரின் தென்மேற்கில் வாழும் லபார்டுப் பச்சோந்தி இதன் உச்சம். 2008இல் வெளியான ஆய்வின்படி, முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதங்கள் இருந்து, வெளிவந்த பின் நான்கைந்து மாதங்களிலேயே வளர்ந்து, முட்டையிட்டு, மடிந்துவிடும் அந்த உயிர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழிக்கிறது. கென்யாவின் குளிர்ந்த மலைப்பகுதிகளில் உள்ள ஜாக்சன் பச்சோந்தியோ முட்டைகளை உடலுக்குள்ளேயே வளர்த்துக் குஞ்சுகளாக ஈன்றுவிடுகிறது. மண்ணின் துணையை நாடாத சில இனங்களுள் அது ஒன்று. தருமபுரிப் பச்சோந்திக்கு அந்த வசதி இல்லை. மூடிய குழியைக் காக்கத் தாய் திரும்பி வருவதும் இல்லை.

ஆகவே அடுத்த உழவிலோ, மரக்கன்றுக்குக் குழி வெட்டும்போதோ, நீர்க்குழாய் பதிக்க வாய்க்கால் தோண்டும்போதோ, வெண்ணிறமாகவும் தோல் போன்ற உறையோடும் புளியங்கொட்டை அளவுக்குச் சற்றே பெரிதாகவும் உள்ள முட்டைகள் மண்வெட்டிக்கு அகப்படுவது உண்டு. அவற்றைப் பாம்பு முட்டை என்று நசுக்கிவிடுவதே பொதுவான வழக்கம். இட்டு ஓரிரு நாட்கள் கழிந்த ஊர்வன முட்டையில் கரு உறையின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் முட்டையைக் கவிழ்த்தாலோ உருட்டினாலோ கரு நெருக்குண்டு இறக்கக்கூடும். எனவே எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் பென்சிலால் மெல்லிய புள்ளி ஒன்றை இட்டு, அந்தப் புள்ளி மேல்நோக்கியே இருக்கும்படி ஒவ்வொன்றாக எடுத்து, உழவு படாத வேலியோரத்தில் அதே ஆழத்தில் குழிபறித்து, ஒன்றோடொன்று நெருக்கப்படாமல் அடுக்கி, தோண்டிய அதே மண்ணால் மூட வேண்டும். மேலே நான்கு முள்ளைப் பரப்பி வைத்தால் கோழி கிளறாது. அந்த இடத்தில் நீர் தேங்காமலும் வெயில் நேரே காயாமலும் இருந்தால், மாதங்கள் சென்று மண் மீண்டும் நெகிழும் ஒரு நாளில், விரல்நுனி அளவுள்ள குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தரையைப் பிளந்துகொண்டு வெளிவந்து, கண்ணில் படும் முதல் குச்சியை நோக்கி ஏறத் தொடங்கும்.